கூன் சோப்பும் அக்கா வைத்த சோதனையும்

என் அக்கா தன் புருஷன் பிழைப்புக்காகக் கணக்கைத் திரித்தாள் என்று ஒருத்தன் எல்லார் முன்னாலும் சொன்னான். சொல்லி வருஷம் பல ஆயிற்று. இன்னமும் அது மீன்முள் மாதிரி என் தொண்டையில் நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சொன்னவன் உயிரோடுதான் இருக்கிறான். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

அக்கா வேலை பார்த்தது ஒரு சோப்புக் கம்பெனியின் சந்தை ஆய்வுப் பிரிவில். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, மின்விசிறி போட்டால் காகிதம் பறக்கும், போடாவிட்டால் ஆள் வேகும். அதே கம்பெனியில் நான் வேன் ஓட்டினேன். என்னைச் சேர்த்துவிட்டதும் அக்காதான். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவள் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் படித்தவள். அவள் புருஷன், என் மாமா, அதே கம்பெனியின் பழைய ஷெட்டில் சோப்புக் காய்ச்சி, ஊற்றி, கம்பியால் துண்டு போடுகிறவர். படித்த பெண் சோப்புக் காய்ச்சுகிறவரைக் கட்டிக்கொண்டாள் என்று ஆபீசில் வெறும் வாயை மெல்லுகிறவர்கள் மென்றார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. "உங்க வீட்டுக்காரர் எல்லாம் எங்கே வேலைன்னு நான் கேட்டேனா?" என்பாள், அவ்வளவுதான்.

அக்கா சாந்த சொரூபி ஒன்றுமில்லை. வாய் உண்டு. வேனில் என் பக்கத்தில் ஏறினால் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே அன்றைக்கு ஆபீசில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பெரிய முதலாளி காலமானதும் மகன் வந்தார். சின்ன முதலாளி என்போம். வந்த வேகத்தில் ஒரு மெஷின் இறக்கினார். அதுவரைக்கும் எங்கள் துணி சோப்பு தட்டையாக, செங்கல் மாதிரி இருக்கும். புது மெஷின் அதை முதுகு தூக்கி, வளைத்து, மேலே பூ வேலையோடு அழுத்தித் தள்ளியது. பார்க்க அழகுதான். லோடு ஏற்றுகிற நாங்கள் அதற்குக் கூன் சோப்பு என்று பேர் வைத்தோம். மெஷின் வந்ததும் பழைய ஷெட்டில் பாதி வேலை நின்றது. சலவைக் கடைகளுக்குப் போகிற கொஞ்சம் சரக்கை மட்டும் மாமாவும் அவர் ஆட்களும் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

கூன் சோப்பு வந்து ஒரு வருஷத்தில் விற்பனை படுத்துவிட்டது. நான் கடைக்குக் கொண்டுபோன பெட்டியைக் கடைக்காரர் உடைக்காமலே திருப்பித் தருவார். சின்ன முதலாளி ஆட்களைக் கூப்பிட்டு, "இப்படியே போனா வருஷக் கடைசியில பழைய ஷெட்டை இழுத்து மூடறதைத் தவிர வழியில்லை" என்று சொல்லிவிட்டார். மாமாவோடு சேர்த்து அந்த ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் வேறு வேலை தெரியாதவர்கள். சோப்பு வாசனை தோலிலேயே ஊறிப்போனவர்கள்.

ஏன் விற்கவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அது அக்கா வேலை. ஆனால் அவளுக்கு முன்னால் குதித்தான் விற்பனை மேலாளர். மண்டை வெடிக்கிற வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டான், அதனால் அவன் பேர் கோட்டு. அவன் ஒரு தாள் அடித்தான். சோப்பை ஏன் விட்டீர்கள்? விலையா, வாசனையா, நுரையா, நிறமா? ஒன்றில் குறி போடவும். வீடு வீடாக ஆட்களை விட்டான். வந்த தாள்களை அடுக்கினால் இடுப்பு உயரம். முக்கால்வாசிப் பேர் விலை என்று குறி போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு வேன் கதவு விழுந்த விழுகையில் கண்ணாடி நடுங்கியது.

"விலையாம்டா! சும்மா குடுத்தாலும், போட்டுக்கப் பையைக் குடுன்னு கேக்கற உலகம். நாலு பதிலை நீயே எழுதி வச்சுட்டு இதுல ஒண்ணை எடுன்னா அவங்க என்ன செய்வாங்க?"

"அப்போ அஞ்சாவதா ஒண்ணு சேத்துக்க வேண்டியதுதானே?"

"எதைச் சேக்கறது? என்னன்னு தெரிஞ்சா சேக்கலாம். எனக்கே தெரியலையே. தெரியாததை எண்ண முடியுமா? இருட்டுல எதையோ தடவிக்கிட்டு இருக்கோம், அதுக்குள்ள எத்தனை கிலோன்னு எடை போடறாரு உங்க கோட்டு."

"எங்க கோட்டா? எனக்கு அவன் மாமனா மச்சானா?"

சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள், "வண்டியைத் திருப்பு. துணி துவைக்கிற இடமாப் பாத்து நிறுத்து."

அப்படித்தான் ஆரம்பித்தது. வரிசை வீடுகளின் பின்பக்கம், பொதுக் குழாயடி, மொட்டை மாடி என்று அக்கா போய் உட்கார்ந்துவிடுவாள். கையில் தாள் இல்லை. கேள்வி இல்லை. "நான் சும்மா பாக்கறேன், நீங்க துவைங்க" என்பாள். பெண்களுக்கு இது வேடிக்கை.

ஒரு குண்டு அம்மாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள், "ஏம்மா, வீட்ல வேலை வெட்டி ஒண்ணும் இல்லையா? இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடி, முறுக்கணும்."

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போர்வையை முறுக்கினாள். நான் வேனில் இருந்தபடி விசில் அடித்தேன். "நீ ஏன்டா அங்க குந்திக்கிட்டு இருக்கே, வா இங்கே" என்று இன்னொரு போர்வை எனக்கும் வந்தது.

அந்த அம்மாள் கூன் சோப்பைக் கல்லில் வைத்தாள். அது சறுக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போயிற்று. எடுத்து அலசித் திரும்ப வைத்தாள். திரும்பவும் போயிற்று.

"இது சோப்பா பல்லியா? பிடிச்சா நழுவுது, வச்சா ஓடுது" என்று வைதாள். அடுத்த வீட்டுக்காரி நூலைக் கட்டிச் சோப்பை இரண்டாக அறுக்கப் பார்த்தாள். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்கிற கணக்கு. கூன் முதுகு நடுவில் பிளந்து நாலு துண்டாக உதிர்ந்தது. அவள் வைத வசவை இங்கே எழுத முடியாது.

போகும்போது அக்கா குண்டு அம்மாளிடம் கேட்டாள், "வீட்டுக்கு ஒரு தாள் வந்துச்சே, அதுல என்ன போட்டீங்க?"

"விலைன்னு போட்டேன். வேற என்ன போடறது? நழுவுதுன்னு அதுல இல்லையே."

நான் துள்ளிக் குதித்தேன். "கண்டுபிடிச்சாச்சுக்கா! போய்ச் சொல்லு!"

"என்னத்தைச் சொல்றது? நாலு குழாயடியில நாலு பேரு வஞ்சாங்கன்னா? உன்னை மாதிரிதான் எல்லாரும் அவசரப்படறாங்க."

பிறகுதான் அவள் தாள் அடித்தாள். அவள் தாளில் குழாயடியில் கேட்டது எல்லாம் இருந்தது. எதன்மேல் வைத்துத் துவைக்கிறீர்கள், அறுத்து வைப்பீர்களா, கையில் நிற்கிறதா. ஆபீஸ் பக்கத்து வீடுகளில் மட்டும் நிற்கவில்லை, ஊரின் நாலு மூலைக்கும் ஆள் போனது. நிறையப் பேருக்குச் சோப்பு நழுவியது, உடைந்தது. இப்போதாவது முடிந்தது என்று நினைத்தேன். இந்த முறையும் இல்லை என்றாள். எனக்கு எரிச்சல். ஷெட்டை மூட நாள் நெருங்குகிறது, இவள் இன்னும் தோண்டிக்கொண்டே இருக்கிறாள்.

"நழுவுதுன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேரு இன்னும் அந்தச் சோப்பைத்தான் வாங்கறாங்கடா. நழுவலைன்னு சொன்னவங்களும் சில பேரு விட்டுட்டாங்க. அப்போ நழுவறதாலதான் விட்டாங்கன்னு எப்படிச் சொல்வே? அதுக்கு ஒரே வழிதான். வேற எதையும் தொடாம, வடிவத்தை மட்டும் மாத்திப் பாக்கணும்."

அவள் சின்ன முதலாளியிடம் கேட்டது இது. ஒரே மாதிரி விற்கிற கடைகளாகக் கொஞ்சம் எடுப்பது. பாதிக் கடைக்குப் பழையபடி தட்டைச் சோப்பு, பாதிக் கடைக்குக் கூன் சோப்பு. அதே விலை, அதே உறை, அதே எடை, வைக்கிற இடமும் அதே. எந்தக் கடைக்கு எது என்று அவள் முடிவு பண்ண மாட்டாள். கடைப் பேர்களைத் துண்டுச் சீட்டாக எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு முதலாளியே எடுக்க வேண்டும். மழைக்காலம் முடிகிற வரைக்கும் யாரும் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

"டப்பா எதுக்கு மேடம்? நீங்களே பிரிச்சுக்குங்களேன்" என்றாராம் சின்ன முதலாளி.

"என் வீட்டுக்காரர் அந்த ஷெட்ல இருக்கார் சார். நாளைக்கு நல்ல கடையா எனக்கு எடுத்துக்கிட்டேன்னு ஒருத்தர் சொல்லக் கூடாது."

கோட்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தலையைத் தலையை ஆட்டினான்.

தட்டைச் சோப்பைக் காய்ச்சும் வேலை ஷெட்டுக்கு, அதாவது மாமாவுக்கு. அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். ஒரே அறை, ஒரு சமையல் மூலை, துணி காயப் போட்ட கயிற்றுக்குக் கீழே குனிந்துதான் தட்டை வாங்க வேண்டும். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னார், "மாப்ளே, இந்தத் தடவை எண்ணெயைக் கொஞ்சம் தாராளமா விட்டு, வாசனையும் ஒரு சொட்டு கூடப் போட்டு ஒரு காய்ச்சு காய்ச்சறேன் பாரு. சோப்பு தானா நடந்து போகும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு சொட்டு கூடக் கூடாது."

"என்னது? நம்ம பொழப்புடி!"

"தெரியுது. ஒரு சொட்டு கூடிச்சுன்னா வடிவத்தால வித்துச்சா வாசனையால வித்துச்சான்னு யாருக்குத் தெரியும்? ஜெயிச்சும் பிரயோசனம் இல்லை."

"ஜெயிச்சா போதாதா? எதால ஜெயிச்சா என்ன?"

"அடுத்த மாசம் அந்தச் சொட்டை நிறுத்தினா திரும்பப் படுத்துக்கும். அப்போ ஷெட்டை மூடும்போது என்ன சொல்வீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். "இவளைக் கட்டினதுக்கு ஒரு போலீஸ்காரியைக் கட்டியிருக்கலாம்" என்றார். ஆனால் செய்யவில்லை. தன் பிழைப்புத் தன் கையாலேயே காய்கிற கொப்பரைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு சொட்டு கூடச் சேர்க்காமல் காய்ச்சினார். அக்கா ஷெட்டுக்குள் வந்து கலவையை அளந்து பார்த்தாள். கட்டிய புருஷனை நம்பவில்லையா என்று ஆட்கள் கேலி பண்ணினார்கள். இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். கணக்கைத் திரித்தாள் என்று பேர் வாங்கியவள் இவள்தான்.

இரண்டு விதச் சரக்கையும் கடைகளுக்கு இறக்கியது நான். தட்டைச் சோப்புக் கடைகளில் பெட்டி காலியாக ஆரம்பித்தது. கூன் சோப்புக் கடைகள் முன்பு மாதிரியே தூங்கின. நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா உத்தரவு. ஆனால் மாமா முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். புது மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இனிமேல்.

ஒரு நாள் காலையில், கூன் சோப்புக் கடை ஒன்றில் சரக்கு இறக்கப் போனேன். ஒவ்வொரு சோப்போடும் ரப்பர் பேண்ட் போட்டுத் துணி தேய்க்கிற பிரஷ் ஒன்று கட்டியிருந்தது. மேலே ஒரு அட்டை: சோப்பு வாங்கினால் பிரஷ் இலவசம். கடையில் கூட்டம்.

"இது யாரு குடுத்தது?" என்றேன்.

"உங்க மேனேஜர்தான். கோட்டு போட்டுக்கிட்டு வந்தாரே. நல்ல மனுஷன்யா, பின்தங்கின கடைக்கெல்லாம் குடுத்திருக்காரு."

அடுத்த கடையிலும் பிரஷ். கூன் சோப்பு இருந்த கடை ஒன்று விடாமல் பிரஷ். தட்டைச் சோப்புக் கடை ஒன்றிலும் இல்லை. நான் வண்டியை ஓட்டிய ஓட்டத்தில் போலீஸ் பிடித்திருந்தால் ஜெயில்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா எழுந்து கோட்டின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"சார், அந்தக் கடைகள்ல எதையும் தொடக் கூடாதுன்னு சொன்னோமே."

"கடை விழுந்துக்கிட்டு இருக்குது மேடம். என் ஏரியாவுல ஒரு கடை பின்னாடி நிக்கறதை நான் பாத்துக்கிட்டு இருப்பேனா? இருவது வருஷமா என் வேலையே அதுதான். இப்போ பாருங்க, ரெண்டும் சமமா வந்துடுச்சு!"

"சமமா வரக் கூடாது சார்! பின்னாடி நின்னாத்தான் ஏன்னு தெரியும்!"

அவன் சிரித்தான். பின்னாடி நிற்கட்டும் என்று ஒருத்தி சொல்வது அவனுக்கு ஜோக்காக இருந்தது. ஓட்டப் பந்தயம் என்று நினைத்துவிட்டான், அறிவுகெட்டவன். நொண்டுகிறவனைத் தோளில் தூக்கி எல்லைக்கோட்டைத் தாண்டவைத்துவிட்டு, பார், இரண்டு பேருக்கும் ஒரே கால்பலம் என்கிறான். அன்றைக்கு அவனை மடையன் என்று நினைத்தேன். மறுவாரம் கூட்டத்தில் அவன் பேசியதைக் கேட்ட பிறகு, அது மட்டும்தானா என்று சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் இன்றைக்கும் இருக்கிறது.

கூட்டத்துக்கு நான் நாற்காலி தூக்கிப் போடப் போயிருந்தேன், அதனால் என் காதாலேயே கேட்டேன். அக்கா கேட்டது ஒன்றுதான். இந்தச் சோதனை கெட்டுவிட்டது, இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, வேறு கடைகளில் முதலில் இருந்து வைக்க வேண்டும், அதுவரைக்கும் ஷெட்டை மூடாதீர்கள்.

சின்ன முதலாளி கணக்கைப் புரட்டினார். "கடைசியில ரெண்டு சோப்பும் சமமாத்தானே மேடம் வித்திருக்கு? அப்போ வடிவத்துல ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?" அவருக்கு அது இனித்தது. மெஷின் இறக்கியது தப்பில்லை என்று ஆகிவிடுகிறதே.

"ஒரு பக்கம் பிரஷ் இருந்துச்சு சார். இன்னொரு பக்கம் இல்லை."

அப்போதுதான் கோட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னான், "மேடம் வருத்தப்படறது நியாயம்தான். வீட்டுக்காரர் அந்த ஷெட்ல இல்ல இருக்கார்? முதல்ல வந்த கணக்கும் எப்படி வந்துச்சோ, யாருக்குத் தெரியும். காய்ச்சினது புருஷன், கடைக்குக் கொண்டுபோனது தம்பி, எண்ணினது இவங்க."

ஒருத்தர் கூட வாய் திறக்கவில்லை. டப்பாவில் கை விட்டுச் சீட்டு எடுத்தவர் சின்ன முதலாளி. அவரும் திறக்கவில்லை. என் கையில் நாற்காலி இருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில்தான் அதைக் கீழே வைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். கையை வைத்துக் கெடுத்தவன் நல்லவன், கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் திருடி.

வடிவத்தால் வித்தியாசம் இல்லை என்று அறிக்கை தயாரித்து அக்காவிடம் கையெழுத்துக்கு நீட்டினார்கள். போடவில்லை. "தெரியலைன்னு எழுதுங்க, போடறேன்" என்றாள். தெரியவில்லை என்று எழுத அவர்களுக்கு மனசு வரவில்லை. ஷெட்டை மூடினார்கள். கொப்பரையைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அதை ஏற்றிக்கொண்டு போனதும் என் வேன்தான். மாடிப்படி அறையில் விளம்பர அட்டைகளை அடுக்கினார்கள். அக்கா வேறொரு கம்பெனிக்குப் போய், வேறு ஊர்களின் குழாயடிகளில் உட்கார்ந்தாள். மாமா ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தார், அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை. ஷெட்டில் இருந்த மற்றவர்கள் எங்கெங்கோ சிதறினார்கள். வழியில் பார்த்தால் எனக்குத் தலைநிமிர்ந்து பேச முடியாது, நான் என்னவோ செய்துவிட்ட மாதிரி.

சில வருஷம் கழித்து வேறொரு கம்பெனி தட்டைச் சோப்பு போட்டுக் கொடி நாட்டியது. எங்கள் கூன் சோப்பு மண்ணைக் கவ்வியது. நான் ஒரு சோப்பை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். "பாத்தியாக்கா! நீ சொன்னதுதான் சரி!"

அவள் சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இவங்க விலை வேற, விளம்பரம் வேற, எண்ணெய் வேற. இதை வச்சு நான் சொன்னது சரின்னு எப்படிடா சொல்வே?"

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சோப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். தனக்குச் சாதகமாக வருவதைக்கூட வேண்டாம் என்று தள்ளுகிறவளைத்தான் அவன் அப்படிச் சொன்னான்.

போன வருஷம் அவள் மாமா வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. பகலில் நான் உட்காருவேன், மாமா சலவைக்கூடத்தில் இருந்து அப்படியே மேலே ஏறி வருவார். ஒரு மத்தியானம் மாமா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தபோது, பஸ் நிறுத்தத்தில் கோட்டைப் பார்த்ததைச் சொன்னேன். ரிடையர் ஆகிக் கைத்தடி ஊன்றி நிற்கிறான், கோட்டு மட்டும் மாறவில்லை என்றேன். நாலு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "அவர் வீடு தெரியுமா உனக்கு?"

"தெரியும். எதுக்கு?"

"போய்க் கேளு. அந்தப் பிரஷ்ஷை ஏன் குடுத்தீங்கன்னு. அன்னிக்கு நான் சண்டை போட்டேனே தவிர, அவரை உக்காந்து கேக்கவே இல்லை. எனக்கு அது ஒண்ணுதான் தெரியாமலே இருக்கு."

"இதுல தெரிய என்னக்கா இருக்கு? உன்னைக் கவுக்கத்தான் குடுத்தான்!"

"அது நீ கொண்டு போற பதில். அப்படிப் போகாதே."

"அவன் வாசல்ல போய் நான் பல்லைக் காட்டணுமா? அந்த வாய்க்கு..."

"மாப்ளே, அவளைப் பேச விடு" என்றார் மாமா.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். "கத்தாதே. திட்டாதே. தெரிஞ்சு செஞ்சீங்களா தெரியாம செஞ்சீங்களான்னு நீயா ரெண்டை எடுத்து நீட்டாதே. ஏன்னு மட்டும் கேட்டுட்டுச் சும்மா இரு, அவரே பேசட்டும். வீட்டுக்காரம்மா தண்ணி குடுத்தா வாங்கிக் குடி. திரும்பி வந்து, அவர் என்ன சொன்னாரோ அதை அவர் வார்த்தையிலேயே எனக்குச் சொல்லு."